வெறும் ஓட்டத்தில் எழுந்த மேடு

பொடி தின்ற வாய்க்கு டீ இனித்தது. என் பயம் அங்கிருந்துதான் தொடங்கியது.

ஞாயிற்றுக்கிழமை காலை. சேரப்பணஞ்சேரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் கணவரும் அவருடைய சிநேகிதரும் ஆளுக்கொரு ஸ்பூன் பச்சைப் பொடியை வாயில் போட்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு வெந்நீரை விழுங்கினார்கள். இருவருக்கும் சர்க்கரை வியாதி. இருவரும் ஒரகடத்தில் ஒரே கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர்கள். இரும்புப் பெட்டிகளை முன்னால் நீண்டிருக்கும் கவைக்கரத்தில் தூக்கிக்கொண்டுபோய், அண்ணாந்து பார்க்கவேண்டிய உயரத்தில் அடுக்குகிற வண்டி அது. கீழே ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள். சர்க்கரை என்று தெரிந்தால் கம்பெனி அந்த இருக்கையிலிருந்து இறக்கிவிடும், அதனால் இருவருமே வெளியில் சொல்லவில்லை. சிகரெட்டை ஒளிக்கிற பையன்களைப்போல வியாதியை ஒளித்துவைத்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள்.

சிநேகிதர் தென்காசிப் பக்கத்துக்காரர். குடும்பம் ஊரில், அவர் இங்கே வாடகை அறையில். என் கணவர் அவரை அண்ணாச்சி என்பார், நானும் அப்படியே. டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அண்ணாச்சி என்னைப் பார்த்தார்.

“என்ன மதினி, பாயாசம் கணக்கா இருக்கு. எங்க ரெண்டு பேரையும் ஒரே நாள்ல அனுப்பிரலாம்னு பாக்கியளா?”

என் கணவர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். நான் போட்டிருந்தது எப்போதும்போல அரை ஸ்பூன் சர்க்கரைதான். பொட்டலத்தின்மேல் சிறுகுறிஞ்சான் இலைப் பொடி என்று அச்சடித்திருந்தது. சிறுகுறிஞ்சான் தின்ற நாக்குக்கு டீ இனிக்கக் கூடாது.

எனக்கு அது நன்றாகத் தெரியும், ஏனென்றால் என் பிழைப்பே இலைகள்தான். ஒரகடத்திலிருந்து உள்ளே தள்ளி, கன்டெய்னர் லாரிகள் திரும்புகிற மண்சாலையின் ஓரத்தில் ஒரு ஆய்வுக்கூடம். மூலிகைச் சாறு எடுக்கிற கம்பெனிகள் அனுப்புகிற இலைகளில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வது எங்கள் வேலை. ஆடாதொடை, கீழாநெல்லி, நிலவேம்பு, சிறுகுறிஞ்சான். சாக்கு சாக்காக வந்து இறங்கும். சிறுகுறிஞ்சான் சாக்கைப் பிரித்ததும் எங்கள் இன்சார்ஜ் ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டு மெல்லுவார். அப்புறம் டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கும் சர்க்கரையில் ஒரு சிட்டிகை. இலை நிஜமென்றால் சர்க்கரை மணலாகிவிடும். இனிப்பை உணர்கிற இடங்களை அந்த இலையின் சாறு கொஞ்ச நேரத்துக்கு மூடிவைத்துவிடுகிறது. ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருப்பதும் அவர்தான்.

ஆகவே அந்தப் பொட்டலத்தில் சிறுகுறிஞ்சான் இல்லை, அல்லது பேருக்குக் கொஞ்சம் இருக்கிறது. அதுகூடப் பரவாயில்லை. ஊரில் எத்தனையோ பொடிகளில் எத்தனையோ இலைகள். என்னைக் கலக்கியது வேறு. இந்தப் பொடியைத் தின்ன ஆரம்பித்ததிலிருந்து இருவருக்கும் சர்க்கரை இறங்கியிருந்தது. விரலைக் குத்திப் பார்க்கிற மெஷினில் அவர்களே பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். இலை இல்லை, ஆனால் வேலை நடக்கிறது. அப்படியென்றால் உள்ளே உட்கார்ந்து வேலை செய்வது யார்?

கேட்டேன். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் தள்ளுவண்டியில் வைத்து விற்கிற ஆளிடம் இருவரும் சேர்ந்து போய் வாங்கியதாம். கம்பெனி மெடிக்கல் செக்கப் வரப்போகிறது, அதுவரைக்கும் வேளைக்கு ரெண்டு ஸ்பூன் என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

“இலைதான. இலை இன்னா பண்ணிடும்?” என்றார் என் கணவர்.

இலை என்ன பண்ணும் என்று இருபது வருஷமாகப் பார்த்துக்கொண்டிருப்பவளிடம் கேட்கிறார். அண்ணாச்சி தன் பொட்டலத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஊரில் கோயில் கொடைத் திருவிழா, மத்தியானம் பஸ் ஏறப்போகிறார். அவர் போனதும் எங்கள் வீட்டுப் பொட்டலத்திலிருந்து ஒரு கரண்டிப் பொடியைக் காகிதத்தில் மடித்து என் கைப்பைக்குள் போட்டேன். செக்கப் முடிகிற வரையாவது நிறுத்துங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். செக்கப்புக்காகத்தானே தின்கிறேன் என்றார்.

திங்கட்கிழமை என் கையில் வேறு வேலைகள் இருந்தன, மனம் மட்டும் கைப்பையிலேயே இருந்தது. கிடைத்த இடைவெளியில் பொடியைச் சோதனைக் குழாயில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கினேன். சிறுகுறிஞ்சானைக் குலுக்கினால் நுரை கட்டும், சோப்புத் தண்ணீர் மாதிரி, வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்தாலும் நுரை நிற்கும். இது எழும்பியது, உடனே படுத்துவிட்டது. பிறகு சாற்றைக் கண்ணாடித் தகட்டில் புள்ளிவைத்து, அமிலம் தெளித்து, சூடு காட்டினேன். ஊதாவாக வரவேண்டிய இடத்தில் மாலைநேரத்து நிழல்மாதிரி ஏதோ ஒரு மங்கல். எதற்கும் பெரிய மெஷினிலும் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

அந்த மெஷினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அதன் நடுவில் விரல் பருமனில், சாண் நீளத்தில் ஒரு எஃகுக் குழல், உள்ளே வெள்ளை மாவு போன்ற ஒன்று இறுக்கி அடைத்திருக்கும். இலைச் சாற்றில் ஒரு துளியைத் திரவத்தோடு சேர்த்து அதற்குள் தள்ளுவோம். மாவோடு ஒட்டாத பொருள்கள் முதலில் வெளியேறிவிடும். ஒட்டுகிற குணமுள்ளவை தயங்கித் தயங்கிப் பின்னால் வரும். ஒவ்வொன்றும் வெளியே வரும்போது திரையில் ஓடுகிற கோடு எழும்பி ஒரு மேடு கட்டி இறங்கும். கோடு தட்டையாக ஓடுகிற நேரத்தில் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. ஆளில்லாத தெருவைப் பார்ப்பதுபோல இருக்கும். யாராவது வந்துவிடுவார்களோ என்றும் இருக்கும், யாருமே வரமாட்டார்களோ என்றும் இருக்கும்.

எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. தேடுகிற பொருளின் மேடு வந்துவிட்டால் ஓட்டத்தை நிறுத்திவிடுவோம். முழுசாக ஓடவிட்டால் திரவம் வீணாகிறது, அது விலை கூடுதல். அதோடு சாயங்காலம் ஊழியர் வேன் யாருக்காகவும் நிற்காது. “உன் பீக் வந்துருச்சில்ல, அப்புறம் இன்னா வேடிக்கை?” என்பார் இன்சார்ஜ். திங்கட்கிழமையும் அப்படித்தான். சிறுகுறிஞ்சானின் மேடு வரவேண்டிய நேரத்தில் ஒரு சின்னப் புடைப்பு வந்தது. எறும்புப் புற்று அளவுக்கு. மட்டமான இலை, அவ்வளவுதான் என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன். வேன் ஹாரன் அடித்தது. பம்பை அணைத்துவிட்டு ஓடினேன். அன்று வீட்டில் நிம்மதியாகச் சமைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை மெஷினைக் கிளப்பி, முதலில் பிளாங்க் ஓட்டினேன், வெறும் ஓட்டம். இலையும் இல்லாமல் பொடியும் இல்லாமல் வெறும் திரவத்தை மட்டும் செலுத்திப் பார்ப்பது. மெஷின் சுத்தமாக இருக்கிறது என்பதற்கு அடையாளமாகக் கோடு தட்டையாக ஓடவேண்டும். ஓடியது. நான் வேறு வேலைக்குத் திரும்பினேன். திரும்பிப் பார்த்தபோது கோடு எழும்பிக்கொண்டிருந்தது.

ஒன்றுமே போடாத இடத்திலிருந்து ஒன்று வந்துகொண்டிருந்தது. அகலமாக, அவசரமில்லாமல், வயிற்றைத் தள்ளிக்கொண்டு எழுந்து, திரையின் பாதி உயரத்துக்கு நின்று, மெதுவாக இறங்கியது.

இன்சார்ஜைக் கூப்பிட்டேன். குழலில் அழுக்கு ஏறியிருக்கும், கழுவிவிடு என்றார். கழுவினேன். மறுபடி பிளாங்க். தட்டை. மறுபடியும் தட்டை. அழுக்கு என்றால் கொஞ்சமாவது மிச்சம் வந்திருக்கும். இது ஒரேயடியாக வந்து, ஒரேயடியாகப் போய்விட்டது. இன்சார்ஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார். அப்புறம், நேற்று கடைசியாக என்ன ஓட்டினாய் என்று கேட்டார். சொன்னேன்.

“அப்ப இது அதுலேந்து வந்ததும்மா. நீ பாதியில நிறுத்திட்டே. ராவெல்லாம் உள்ள உக்காந்துகினு இருந்துட்டு காலைல வெளிய வந்துக்குது.”

இலைச் சாற்றில் அவ்வளவு தயங்கி வருகிற பெரிய பொருள் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அது எந்த ஒளியை எப்படி விழுங்குகிறது என்று மெஷின் வரைந்து காட்டிய கோட்டை இருவரும் பார்த்தோம். இலைக்குச் சொந்தமான கோடு மாதிரி இல்லை. இன்சார்ஜ் தன் மதியச் சாப்பாட்டுப் பையைத் திறந்து, மாத்திரை அட்டையை எடுத்தார். அவரும் சர்க்கரைக்காரர். ரொம்ப வருஷமாகக் கடைகளில் கிடைக்கிற மாத்திரை, கிளிபென்கிளமைடு. ஒன்றைப் பிய்த்துக் கல்வத்தில் பொடித்துக் கரைத்து வடிகட்டி என்னிடம் நீட்டினார். இந்தமுறை கடைசிவரை ஓடவிட்டோம். பொடியை ஒருமுறை, மாத்திரையை ஒருமுறை.

பொடியில் அந்த மேடு கடைசியில் வந்தது. பிறகு மாத்திரையின் முறை. கோடு தட்டையாகப் போய்க்கொண்டே இருந்தது. வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியிடம் என்று நினைவில்லை, பம்பின் சத்தத்தைப் பார்த்து வேண்டினேன். வந்தது. அதே நேரத்தில், அதே சாயலில்.

யாரோ பச்சை இலைத்தூளில் மாத்திரையை அரைத்துக் கலந்திருக்கிறார்கள். எவ்வளவு என்ற அளவில்லாமல். ஒரு ஸ்பூனில் எத்தனை மாத்திரை இருக்கும் என்று தின்றவருக்கும் தெரியாது, ஒருவேளை கலந்தவனுக்கும் தெரியாது. என் கணவர் அதை வேளைக்கு ரெண்டு ஸ்பூனாகத் தின்றுகொண்டிருந்தார். அன்று காலையும் தின்றார். செக்கப் வருகிறதே என்று காலையில் இட்லியைக் குறைத்துக்கொண்டும் போனார். இப்போது வண்டியின்மேல் இருப்பார். சர்க்கரை கூடினால் உடம்பு வருஷக்கணக்கில் அரிக்கும். குறைந்தால் நிமிஷங்களில் ஆளைச் சாய்க்கும். கண் இருட்டும், கை எது என்ன செய்கிறது என்று மூளைக்குத் தெரியாது. கவைக்கரத்தில் பெட்டி தூக்கியிருக்கும்போது அது நடந்தால் அவர் மட்டும் விழமாட்டார்.

ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. எடுக்கமாட்டார் என்று தெரியும், அந்தத் தொழிற்சாலையில் ஃபோனை லாக்கரில் வைத்துவிட்டுத்தான் தளத்துக்குள் போகவேண்டும். தெரிந்தும் அடித்துக்கொண்டே சாலைக்கு ஓடினேன்.

ஷேர் ஆட்டோ கிடைத்தது. ஆள் சேராமல் கிளம்பாது. டிரைவர் எட்டிப் பார்த்து, இன்னும் ஒருத்தர், இன்னும் ஒருத்தர் என்று ஒடிஷாக்காரப் பையன்களை அழைத்துக்கொண்டிருந்தார். சாலையோர முள்வேலியில் ஏதோ கொடி படர்ந்திருந்தது. லாரிப் புழுதி படிந்த சின்னச் சின்ன இலைகள். எந்த இலை என்று பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தூரத்தில் எங்கோ ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது, அல்லது கேட்டதாக நினைத்தேன். முழு ஆட்டோவுக்கும் நானே தருகிறேன், கிளம்புங்கள் என்றதும் டிரைவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் வண்டியை விரட்டினார்.

கேட்டில் இருந்த செக்யூரிட்டி வயசானவர், நல்ல மாதிரி. என் கணவரின் பெயரையும் கிடங்கையும் சொன்னேன். உள்ளே லேண்ட்லைன் இருக்கிறது, சூப்பர்வைசருக்குச் சொல்லலாம், ஆனால் காரணம் சொல்லாமல் ஷிப்டு நேரத்தில் ஆளை அழைக்க முடியாது என்றார். நான் திணறினேன். அவராகவே வழி சொன்னார்.

“வூட்ல யாருக்காச்சும் ஒடம்பு செரியில்லன்னு சொல்லட்டாம்மா? ஓடியாந்துடுவாரு.”

ஓடி வந்துவிடுவார். அதுதான் பயம். அந்தச் செய்தி காதில் விழுந்ததும் பதறிப்போய், கையிலிருக்கிற பெட்டியை வேகவேகமாக அடுக்கிவிட்டு, வண்டியை விரட்டிக்கொண்டுபோய் நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டுத்தான் வருவார். அவரை எனக்குத் தெரியும். வண்டி நிற்கவேண்டும். இந்த நொடியில், நிற்கிற இடத்திலேயே. அதற்கு நிஜத்தைச் சொன்னால்தான் ஆகும். நிஜத்தைச் சொன்னால் அவர் இத்தனை வருஷம் ஒளித்து வைத்ததை நான் கேட்டில் வைத்துக் கொட்டியதாக ஆகும். பின்னால் நுழைவுச் சீட்டுக்காக நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள்.

“அவருக்குச் சர்க்கரை இருக்கு. இப்ப ரொம்ப இறங்கியிருக்கும். வண்டிய இருக்கிற இடத்துலயே நிறுத்தச் சொல்லுங்க. அவரா ஓட்டிக்கிட்டு வரக் கூடாது.”

என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. செக்யூரிட்டி ரிசீவரை எடுத்து நான் சொன்னதை அப்படியே சொன்னார். பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

உள்ளே அழைத்துப்போய் முதலுதவி அறை வாசலில் உட்காரவைத்தார்கள். இரண்டு பேர் தாங்கலாக அவரை நடத்திக்கொண்டு வந்தார்கள். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. என்னை ஊடுருவிப் பார்த்தார், யார் என்று யோசிப்பதுபோல. “லைட்ட ஏன் கொறச்சிட்டானுங்க?” என்று கேட்டார். கூரை முழுக்க விளக்குகள் பளீரென்று எரிந்துகொண்டிருந்தன. நர்ஸ் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு அவசரமாகக் குளுக்கோஸைக் கரைத்தாள். கூட வந்த ஆள் சொன்னார், சூப்பர்வைசர் போய் நின்றபோது வண்டி ஓடவில்லையாம், ஒரு பெட்டியைப் பாதி உயரத்தில் தூக்கியபடியே இவர் சும்மா உட்கார்ந்திருந்தாராம். இறங்கச் சொன்னதற்கு, எந்தப் பக்கம் இறங்குவது என்று கேட்டாராம்.

தண்டலம் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கையில் குளுக்கோஸ் ஏற ஏற மனிதருக்கு முகம் திரும்பியது. முகத்தோடு கோபமும் திரும்பியது.

“கேட்ல நின்னுகினு ஊருக்கே கேக்குறாப்பல சொல்லிட்டு வந்துகீறே. இனிமே என்ன எவன் வண்டில ஏத்துவான்? மானத்த வாங்கிட்டியே.”

நான் பொடியைப் பற்றிச் சொன்னேன். மேட்டைப் பற்றி, இன்சார்ஜின் மாத்திரையைப் பற்றி. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நம்பவில்லை என்று நினைத்தேன். நம்பியிருக்கிறார், அதுதான் கோபம்.

மத்தியானம் தாண்டி அவருக்கு மறுபடி வேர்த்தது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றார். ஓடிவந்து பார்த்த டாக்டர், இந்த மருந்து அப்படித்தான், உடனே போகாது, ஏற்றினாலும் மறுபடி மறுபடி இழுக்கும், நாளை வரை இங்கேயே இருக்கட்டும் என்றார். பாட்டிலை மாற்றினார்கள். ஒரு குழலுக்குள் உட்கார்ந்திருந்து அதன் நேரத்துக்கு வெளியே வருகிற அதே பொருள் இப்போது இவருக்குள் உட்கார்ந்திருக்கிறது, இங்கே பம்பைப் போட்டுக் கழுவ முடியாது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தெளிந்ததும் அவர் முதலில் கேட்டது மணி என்ன என்று. சொன்னேன். எழுந்து உட்காரப் பார்த்தார்.

“அண்ணாச்சி காலைல ஊர்லேந்து வந்துட்டாரு. செகண்ட் ஷிப்ட்டு.”

எனக்கு அந்த மனிதரின் நினைவே வந்திருக்கவில்லை. கொடைக்குப் போனவர் ஊரில் இருக்கிறார் என்ற எண்ணத்திலேயே இருந்துவிட்டேன். அதே தள்ளுவண்டிக்காரனிடம், அதே நாளில் வாங்கிய பொட்டலம். அவரும் வேளைக்கு ரெண்டு ஸ்பூன்.

லாக்கரிலிருந்து கொடுத்தனுப்பியிருந்த தன் ஃபோனை என்னிடம் வாங்கி என் கணவர் அண்ணாச்சிக்கு அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது. ஷிப்டு தொடங்கியாகிவிட்டது. இன்னொருமுறை அடித்தார். பிறகு ஃபோனை மார்பின்மேல் வைத்துக்கொண்டு மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்தது. சொல்வதென்றால் சூப்பர்வைசரிடம்தான் சொல்லவேண்டும். ஊரில் ரெண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு இங்கே தனியாக ஒரு அறையில் சோறு பொங்கித் தின்கிற மனிதர், இவரை நம்பித்தான் தன் வியாதியைச் சொன்னவர். என்னிடம் ஏதாவது கேட்பார் என்று நின்றேன். கேட்கவில்லை. சூப்பர்வைசரின் லேண்ட்லைன் எண்ணைத் தேடி அடித்தார்.

“சார், நான்தான். நல்லா கீறேன் சார். அண்ணாச்சிய ஒடனே வண்டிய விட்டு எறக்குங்க. அவருக்கும் சக்கர கீது. நான் துன்ன அதே பொடிதான் அவரும். அவரா ஓட்டிகினு வரக் கூடாது சார், நின்ன எடத்துலயே.”

லைனைத் துண்டிக்காதே என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் ஆள் ஓடியிருக்கவேண்டும். ஃபோனில் கிடங்கின் இரைச்சல் மட்டும் வந்தது. இரும்பு மேல் இரும்பு உட்காருகிற சத்தம், வண்டிகள் பின்னால் நகரும்போது அடிக்கிற பீப், பீப். எத்தனை வண்டிகள் என்று எனக்குப் பிரித்துக் கேட்கத் தெரியவில்லை. அவருக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு காதை அழுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம் நெருங்கி, நின்றது. யாரோ எதையோ கத்தினார்கள். பிறகு நீண்ட நேரத்துக்கு எதுவும் இல்லை.

அப்புறம் அண்ணாச்சியின் குரல். எனக்கே கேட்டது.

“ஏவே, இப்படிக் காட்டிக் குடுத்துட்டீரே. எம்பொழப்புல மண்ணப் போட்டுட்டீரேவே.”

என் கணவர் கண்ணைத் திறக்கவில்லை. “திட்டுங்க அண்ணாச்சி,” என்றார். “நல்லாத் திட்டுங்க. மொதல்ல சக்கரத் தண்ணி குடிச்சிட்டு உக்காந்துகினு திட்டுங்க. வேர்க்குதா?”

ஆமா, வேர்க்குது என்று அண்ணாச்சி சொன்னார். வெயிலுக்கு என்று நினைத்தேன் என்றார்.

இவருடைய நெற்றியும் அப்போது மறுபடி ஈரமாகியிருந்தது. ஃபோனை அவர் காதிலேயே விட்டுவிட்டு, நர்ஸைக் கூப்பிட ஓடினேன்.